ஏரிக்குக் கிளம்பும் முன் எக்ஸெலைக் கேளுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் எக்ஸெல் புரோகிராமை வீட்டுச் செலவுக் கணக்கு போட மட்டுமே பயன்படுத்துகிறார்கள். லவ்டேலில் எங்கள் வீட்டில் அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. இந்த வாரம் தூண்டிலை எடுத்துக்கொண்டு எமரால்டு ஏரிக்குப் போகலாமா, வேண்டாமா என்று சொல்வதும் அதுதான். ஒரு நாள் விடுப்பு, ஜீப் வாடகை, சாப்பாட்டுச் செலவு எல்லாம் போட்டுப் போய், வெறும் கையோடு திரும்பினால் யாருக்குத்தான் மனம் வரும்? பழைய மீன்பிடிக் குறிப்புகளையும் அணையின் நீர்மட்டத்தையும் சேர்த்து வைத்துப் பயணத்தைத் திட்டமிடுவது எப்படி என்று பார்ப்போம். மீன் பிடிக்காதவர்களும் படிக்கலாம். தோட்டம், பால் கணக்கு, மின் கட்டணம் என்று எதற்கும் இதே வழிதான்.

நீர்மட்டம் ஏன் முக்கியம்?

நீலகிரியின் ஏரிகளில் பல, மின்சாரத்திற்காகக் கட்டப்பட்ட அணைகளின் நீர்த்தேக்கங்கள். கனடாவின் உதவியுடன் உருவான குந்தா திட்டத்தின் முதல் மின்நிலையங்கள் 1960-ல் இயங்கத் தொடங்கின. அப்பர் பவானியின் தண்ணீர் மின்நிலையம் வழியாக அவலாஞ்சிக்கு வருகிறது. அவலாஞ்சியும் எமரால்டும் இணைந்த ஏரிகள். அங்கிருந்து குந்தா, கெத்தை, பில்லூர் என்று இறங்கி, கடைசியில் பவானிசாகரைச் சேர்கிறது. எனவே மழையே இல்லாத வாரத்திலும் மேலிருந்து தண்ணீர் விட்டால் அவலாஞ்சியில் மட்டம் ஏறும். மின் உற்பத்தி கூடினால் இறங்கும். காலண்டரை மட்டும் பார்த்து ஏரியின் நிலையைச் சொல்ல முடியாது.

மட்டம் மெல்ல ஏறும்போது கரையோரப் புல் நீரில் மூழ்குகிறது. அதிலுள்ள புழு பூச்சிகளைத் தேடிப் பொதுவாக மீன்கள் கரைக்கு வரும். மட்டம் வேகமாக இறங்கினால் ஆழத்துக்குப் போய்விடும். இங்கே கிடைக்கும் ரெயின்போ ட்ரவுட் குளிர்ந்த நீரின் மீன். 1907-ல் அவலாஞ்சியில் ட்ரவுட் குஞ்சு பொரிப்பகம் அமைக்கப்பட்டது. நீர் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் இந்த மீன் சோர்ந்துவிடும். 1939-ல் இலங்கையிலிருந்து ஊட்டிக்கு வந்த கெண்டை வகையோ வெதுவெதுப்பையும் தாங்கும். ஆகவே எந்த மீன் என்பதையும் குறித்து வைக்க வேண்டும்.

ஒரு பயணத்துக்கு ஒரு வரிசை

எக்ஸெலைத் திறந்து கொள்ளுங்கள். எக்ஸெல் இல்லை என்றால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் போதும். முதல் வரிசையில் இந்தத் தலைப்புகளை ஒவ்வொரு செல்லிலும் டைப் செய்திடவும்: தேதி, ஏரி, எத்தனை மணி நேரம், நீர்மட்டம், ஏற்றமா இறக்கமா, மீன் வகை, மீன் எண்ணிக்கை, குறிப்பு. அதன் கீழே ஒரு பயணத்துக்கு ஒரு வரிசை. ஒரே நாளில் இரண்டு ஏரிக்குப் போனால் இரண்டு வரிசை.

மூன்று விஷயங்களில் கவனம் தேவை.

முதலாவது, தேதி. 05-08 என்பதை ஆகஸ்ட் 5 என்று எடுப்பதா, மே 8 என்று எடுப்பதா என்பது விண்டோஸில் உள்ள ரீஜன் அமைப்பைப் பொறுத்தது. ஆண்டை முதலில் வைத்து 2019-08-05 என்று டைப் செய்தால் குழப்பமில்லை. தேதி செல்லின் வலப்பக்கம் ஒட்டி நின்றால் எக்ஸெல் அதைத் தேதியாகப் புரிந்துகொண்டது என்று பொருள். இடப்பக்கம் நின்றால் வெறும் எழுத்தாகவே எடுத்திருக்கிறது.

இரண்டாவது, எண். நீர்மட்டத்தை "12 அடி" என்று எழுதாமல் 12 என்று மட்டும் எழுதுங்கள். அடி என்பதைத் தலைப்பிலேயே சேர்த்துவிடலாம். எழுத்து கலந்தால் அந்தச் செல்லை எக்ஸெல் கூட்டாது.

மூன்றாவது, பெயர். ஓரிடத்தில் எமரால்டு, இன்னோரிடத்தில் எமரால்ட் என்று எழுதினால் கம்ப்யூட்டருக்கு அவை இரண்டு ஏரிகள். இதைத் தவிர்க்க, ஏரி என்ற நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, டேட்டா டேப்பில் டேட்டா வேலிடேஷன் என்பதில் கிளிக் செய்திடவும். வரும் விண்டோவில் அலோ என்ற இடத்தில் லிஸ்ட் என்பதைத் தேர்ந்தெடுத்து, சோர்ஸ் கட்டத்தில் ஏரிப் பெயர்களைக் கமா போட்டு எழுதுங்கள். இனி பெயரை டைப் செய்ய வேண்டாம். பட்டியலில் இருந்து எடுத்துக் கொள்ளலாம்.

வெறுங்கையோடு வந்த நாட்கள்

இந்த அட்டவணையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. என் மாமா லைசென்ஸ் வாங்கி முறையாக மீன் பிடித்தவர். பல ஆண்டுக் குறிப்புகளை நோட்டுகளில் எழுதி வைத்திருந்தார். அதைப் படித்தால், எமரால்டுக்கு மே மாதம் போனால் மீன் நிச்சயம் என்று தோன்றும். ஆனால் எல்லாமே நல்ல நாட்கள். மீன் கிடைக்காத நாளைப் பற்றி ஒரு வரி இல்லை. கதையாகச் சொல்ல ஒன்றுமில்லாத நாளை யார்தான் எழுதுவார்கள்?

விடை அத்தையின் வீட்டுக் கணக்கு நோட்டில் இருந்தது. மாமா போன ஒவ்வொரு நாளும் பஸ் கட்டணமும் டிபன் செலவும் அதில் தேதியோடு பதிவாகியிருந்தன. இரண்டையும் ஒரே ஷீட்டில் ஏற்றி, தேதி வாரியாக வரிசைப்படுத்தினேன். பயணங்களின் எண்ணிக்கை கிட்டத்தட்ட இரு மடங்கானது. மே மாதத்தில் மீன் அதிகம் என்பதற்குக் காரணமும் புரிந்தது. பள்ளி விடுமுறை என்பதால் மாமா அதிகம் போனதே மே மாதத்தில்தான்.

எனவே வெறுங்கையோடு வந்த நாளையும் கட்டாயம் எழுதுங்கள். அப்போது மீன் எண்ணிக்கை செல்லைக் காலியாக விடாமல் 0 என்று டைப் செய்திடவும். ஏனெனில் ஆவரேஜ் கணக்கிடும்போது எக்ஸெல் காலிச் செல்லை விட்டுவிடும். 0 இருந்தால் சேர்த்துக்கொள்ளும். ஓர் உதாரணம் பாருங்கள். ஐந்து பயணங்களில் 3, 0, 0, 4, 2 மீன்கள் என்றால் சராசரி 1.8. அதே இரண்டு நாட்களைக் காலியாக விட்டால் சராசரி 3 என்று வரும். ஏரி ஒன்றுதான். எழுதாமல் விட்டதால் அது பெரிய ஏரியாகத் தெரிகிறது.

நீர்மட்டத்துக்கு எங்கே போவது?

மேட்டூர், பவானிசாகர் போன்ற பெரிய அணைகளின் நிலவரம் மத்திய நீர் ஆணையத்தின் வாராந்திர அறிக்கையில் வரும். நாளிதழ்களிலும் பார்க்கலாம். மலையின் மேலுள்ள ஏரிகளுக்கு நாமே ஓர் அளவு வைத்துக்கொள்வது நல்லது. ஏரி நிறைந்திருந்தபோது கரையில் விட்டுப்போன கோடு தெளிவாகத் தெரியும். அதிலிருந்து தண்ணீர் எத்தனை அடி கீழே நிற்கிறது என்று கண் மதிப்பாகக் குறியுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்று, ஒரே பாறை தெரியும்படி மொபைலில் படம் எடுங்கள். படத்துடன் தேதியும் பதிவாகிவிடும்.

பழைய ஆண்டுகளுக்குச் செயற்கைக்கோள் உதவும். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்களின் படங்களை 2015 முதல் கோப்பர்நிகஸ் பிரவுசரில் இலவசமாகப் பார்க்கலாம். தேதியைக் கொடுத்தால் எமரால்டின் கரை எவ்வளவு விரிந்தது, எவ்வளவு சுருங்கியது என்று தெரியும். ஒரு புள்ளி 10 மீட்டர் என்பதால் ஓரிரு அடி மாற்றம் தெரியாது. மழைக்காலத்தில் மேகம் மறைத்துவிடும்.

வடிகட்டிப் பாருங்கள்

தலைப்பு வரிசையைத் தேர்ந்தெடுத்து டேட்டா டேப்பில் ஃபில்டர் என்பதில் கிளிக் செய்திடவும். ஒவ்வொரு தலைப்பிலும் சிறிய அம்புக்குறி வரும். ஏரி என்பதில் எமரால்டு மட்டும், அடுத்ததில் ஏற்றம் மட்டும் டிக் செய்யுங்கள். மீன் எண்ணிக்கைச் செல்களை மவுஸால் தேர்ந்தெடுத்தால் திரையின் அடியில் சம் என்று கூட்டுத்தொகை தெரியும். மணி நேரத்துக்கும் அப்படியே பாருங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை மீன் என்று கிடைக்கும். பிறகு இறக்கம் என்று மாற்றிப் பாருங்கள். எங்கள் ஷீட்டில் மட்டம் மெல்ல ஏறத் தொடங்கிய நாட்களே முன்னால் நிற்கின்றன. மாதத்தின் பெயர் அவ்வளவு பேசவில்லை. உங்கள் ஷீட் வேறு சொல்லலாம். வடிகட்டிய பின் நான்கைந்து வரிசைகளே மிஞ்சினால் அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள்.

எக்ஸெல் சொல்லாதது

மட்டம் ஏறினால் மீன் கிடைக்கும் என்று ஷீட் காட்டினாலும், எல்லா ஏற்றமும் ஒன்றல்ல. 2019 ஆகஸ்ட் 8-ஆம் தேதி பதிவான கணக்குப்படி அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 80 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. தென்மேற்குப் பருவமழையில் மலையின் மேற்குப் பக்கம் நனையும் அளவுக்கு இந்தப் பக்கம் நனையாது. லவ்டேலில் தூறல்தானே என்று நினைத்துக் கிளம்பக் கூடாது. வானிலை மையம் ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை விடுத்திருந்தால் ஷீட்டை மூடிவிட்டு வீட்டில் இருங்கள். மீன் எங்கும் போய்விடாது.

மீன்வளத் துறையின் அனுமதியும், வனப்பகுதி என்றால் வனத்துறையின் அனுமதியும் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். வெளியூர் நண்பர்கள் வண்டியில் வருவதானால், 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்த இ-பாஸ் பற்றியும் நினைவூட்டுங்கள்.

பழைய குறிப்பு என்றைக்கும் செல்லும் என்றும் இல்லை. போர்த்திமுந்து அணையையும் அவலாஞ்சி-எமரால்டு ஏரியையும் இணைக்கும் 500 மெகாவாட் நீரேற்று மின்திட்டம் முழுமையாக இயங்கும்போது, தண்ணீர் மேலும் கீழும் போய் வரும். அப்போது நீர்மட்டம் ஒரே நாளில் ஏறி இறங்கக்கூடும். அன்றைக்கு நீர்மட்டம் பார்த்த நேரத்துக்கும் ஒரு நெடுவரிசை சேர்த்து, புதிய குறிப்புகளைத் தனியாக வடிகட்டிப் பார்க்க வேண்டியிருக்கும்.

உங்கள் வீட்டிலும் பழைய நோட்டுகள் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் இருபது வரிசை ஏற்றிப் பாருங்கள். பூஜ்யங்களை மறந்துவிடாதீர்கள்.