பழைய தொடுதிரைக் கைப்பேசியினால் விவசாயிகள் பெறக்கூடிய பிரயோஜனங்கள்

2007-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் அமெரிக்காவில் ஐபோன் விற்பனைக்கு வந்தது முதலாக, விரலால் தொட்டு இயக்கும் கைப்பேசிகள் உலகெங்கும் பரவலாயின. அதற்கடுத்த வருஷத்தில் ஆண்ட்ராய்டு என்னும் இயக்க முறையைக் கொண்ட முதற் கைப்பேசி வெளிவந்தது. 2011-க்குப் பின்னர் விலை குறைந்த ஆண்ட்ராய்டு கருவிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களையும் எட்டின. பட்டணத்தில் உத்தியோகம் பார்க்கும் மகன் தனக்குப் புதியதொன்று வாங்கிக்கொண்டு, பழையதைத் தகப்பனாரிடம் கொடுத்துவிட்டுப் போன வீடுகள் அநேகம். அவ்விதக் கருவிகள் இன்று பீரோவிலும் மாடத்திலும் கிடக்கின்றன. சில, குழந்தைகளுக்கு விளையாட்டுச் சாமானாகிவிட்டன. இவை ஒன்றுக்கும் உதவாதவை என்று தள்ளுவது சரியன்று. புதிய கருவி செய்யும் காரியங்களையெல்லாம் இவையும் செய்யும் என்று நம்புவதும் சரியன்று. இவ்விரண்டில் பின்னதே அதிக நஷ்டத்துக்கு இடமானது.

உதாரணமாக, 2011-இல் வெளிவந்து நம் நாட்டில் ஏராளமாக விற்பனையான ஸாம்ஸங் காலக்ஸி ஒய் என்னும் கருவியை எடுத்துக்கொள்ளலாம். அதன் இயக்க முறை ஆண்ட்ராய்டு 2.3. அதன் வேலை நினைவகம் 290 மெகாபைட்; செயலிகளை வைப்பதற்கு உள்ளே அமைந்த இடம் சுமார் 180 மெகாபைட் மாத்திரமே. இக்காலத்துச் செயலி ஒன்றே சில சமயம் இவ்விடம் முழுவதையும் அடைத்துக்கொள்ளும். 2018-இல் தமிழ்நாடு அரசினர் வெளியிட்ட உழவன் செயலியையோ, 2019-இல் இந்திய வானிலைத் துறை மற்ற ஸ்தாபனங்களுடன் கூடி வெளியிட்ட மேகதூத் செயலியையோ இதில் ஏற்ற முயல்வது வீண் வேலை. அவை வேறு தலைமுறைக் கருவிகளுக்கென்று செய்யப்பட்டவை.

இடப் பற்றாக்குறையைவிடப் பெரிய தடை வேறு உண்டு. ஆண்ட்ராய்டு 2.3.7-உம் அதற்கு முற்பட்டனவுமான கருவிகளில் கூகுள் கணக்கில் நுழையும் வசதி 2021-ஆம் வருஷம் செப்டம்பர் 27-ஆம் தேதியுடன் நிறுத்தப்பட்டது. வாட்ஸ்அப் அதற்கு முன்னரே, 2020 பிப்ரவரி 1-ஆம் தேதி முதல், இக்கருவிகளைக் கைவிட்டது. இதன் விளைவு பலருக்குத் தெரிவதில்லை. கருவி மெதுவாக இயங்குகிறதென்று கடைத்தெருவில் ஒருவரிடம் கொடுத்தால், அவர் எல்லாவற்றையும் அழித்து ஆதி நிலைக்குக் கொண்டுவந்து தருவது வழக்கம். புதிய கருவிக்கு அது நல்ல சிகிச்சையே. இப்பழைய கருவிக்கோ அதன்பின் கணக்கில் நுழைய வழியில்லை. அழிந்த செயலிகளைத் திரும்பப் பெறவும் வழியில்லை. ஆகையால், உள்ளே இருக்கும் உபயோகமான செயலிகள் இன்னும் இயங்குமாயின், ஆதி நிலைக்குக் கொண்டுபோகும் வேலையை ஒருக்காலும் செய்யலாகாது.

மெதுவாக இயங்குவதற்கு வேறு பரிகாரங்கள் உள. அமைப்புகள் என்னும் பகுதியில் செயலிகளின் பட்டியலைத் திறந்து, ஒவ்வொன்றும் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறதென்று பார்க்கவேண்டும். விளையாட்டுகளையும் வேண்டாதவற்றையும் நீக்கலாம். கருவியுடன் வந்த சில செயலிகளை நீக்க முடியாது. அவற்றின் தற்காலிகச் சேமிப்பையாவது அழித்துவிடலாம். 2010-இல் வந்த ஆண்ட்ராய்டு 2.2 முதல், செயலிகளிற் பலவற்றை நினைவக அட்டைக்கு மாற்றும் வசதி உண்டு. புகைப்படங்களும் பாட்டுகளும் அட்டையிலேயே இருக்கவேண்டும். தொலைபேசி எண்களை அட்டையில் ஒரு பிரதி எடுத்து வைத்தல் அவசியம். அசையும் பின்னணிப் படம் அழகாயிருக்கலாம்; ஆனால் வேலை நினைவகத்தையும் மின்சாரத்தையும் அது ஓயாமல் தின்னும்.

சிம் அட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2016 செப்டம்பரில் சேவை தொடங்கிய ஜியோ நிறுவனத்துக்கு 2ஜி, 3ஜி வலையமைப்பே இல்லாமையால், அதன் சிம் இக்கருவிகளில் வேலை செய்யாது. 2ஜி உள்ள நிறுவனத்தின் சிம்மையே போடவேண்டும். பேசுவதற்கும் குறுஞ்செய்திக்கும் அது போதும். பழைய ஆண்ட்ராய்டுகள் பலவற்றில் தமிழ்க் குறுஞ்செய்தி எழுத்தாகத் தோன்றாமல் கட்டம் கட்டமாகத் தோன்றும். செய்தி கெட்டுவிட்டதென்று எண்ணி அழித்துவிடாமல், தமிழ் எழுத்துள்ள வேறொரு கைப்பேசிக்கு அனுப்பிப் படித்துக்கொள்ளலாம்.

இனி, இக்கருவி வெளியுதவியின்றித் தானே செய்யக்கூடியவற்றைக் கவனிப்போம். அவற்றுள் தலையாயது புகைப்படம். பயிரில் பூச்சியோ நோயோ கண்டால், செடியைப் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டு வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் அது வாடிப்போகிறது, பூச்சியும் பறந்துவிடுகிறது. படம் வாடாது. ஆனால் அநேகர் எடுக்கும் படத்தில் பச்சை நிறம் ஒன்றைத் தவிர வேறெதுவும் தெரிவதில்லை. ஒரு படம் போதாது. குறைந்தது மூன்று வேண்டும். முதலாவது, பாதிப்பு வயலில் எவ்விதம் பரவியிருக்கிறதென்று காட்டும் தூரப் படம். வட்டம் வட்டமாகக் காய்ந்திருக்கிறதா, வரப்போரமாகவா, பரவலாகவா என்பதிலிருந்தே அதிகாரி பாதி விஷயத்தை ஊகித்துவிடுவார். இரண்டாவது, முழுச் செடி. மூன்றாவது, பாதிக்கப்பட்ட இலை அல்லது தண்டு. இலையாயின் அடிப்புறத்தையும் காட்டவேண்டும். அளவு தெரிவதற்கு அருகில் ஒரு நாணயம் வைத்தல் நலம்.

விலை குறைந்த பழைய கருவிகள் பலவற்றில் குவியத்தை மாற்றிக்கொள்ளும் அமைப்புக் கிடையாது. இலைக்கு மிக அருகில் கொண்டுபோனால் படம் மங்கும். இதற்கு எளிய உபாயம், பூச்சி பார்க்க உதவும் கைலென்ஸைக் கருவியின் படக்கண்ணை ஒட்டிப் பிடித்துக்கொண்டு, இலைக்கு ஓர் அங்குல தூரத்தில் மெல்ல முன்னும் பின்னும் நகர்த்துவதாகும். ஓரிடத்தில் உருவம் தெளிவாக நிற்கும். அங்கே கை அசையாமல் எடுக்கவேண்டும். பத்து மடங்கு பெருக்கும் லென்ஸாயின், வெறுங்கண்ணுக்குத் தூசிபோல் தோன்றும் இலைப்பேனும் சிலந்திப்பேனும் படத்தில் புலப்படும். படத்தை அனுப்ப இக்கருவியில் வழியில்லையாயின், நினைவக அட்டையைக் கழற்றி வேறொரு கைப்பேசியில் போட்டு அனுப்பலாம்.

சிம் இல்லாமல் வைத்திருக்கும் கருவியில் மின்கலத்தைக் கழற்றிப் போட்டால் தேதி மாறிவிடுவது சகஜம். தேதி தவறாயின், படத்துடன் பதிவாகும் தேதியும் தவறே. பயிர்க் காப்பீட்டில் இது சிறு விஷயமன்று. பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், ஆலங்கட்டி மழை போன்று தனி வயலில் நேரும் சேதங்களுக்கும், அறுத்துப் பரப்பிய பயிர் அகால மழையில் கெடுவதற்கும், 72 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்கவேண்டும். எந்தப் பயிருக்கு எந்தச் சேதம் சேரும் என்பதை அவ்வப்போதைய அறிவிக்கையில் பார்த்துக்கொள்க. 14447 என்னும் எண்ணுக்குப் பேசித் தகவல் கொடுக்கச் செயலி தேவையில்லை. பழைய கருவி போதும். சரியான தேதியுடன் எடுத்த படம் பின்னால் ஆய்வுக்கு வருவோரிடம் காட்ட உதவும். வாரம் ஒருமுறை தேதியையும் மணியையும் சரிபார்த்தல் நல்ல வழக்கம்.

இக்கருவிகளிற் பலவற்றில் ஜி.பி.எஸ். உண்டு. விண்கோள்களிலிருந்து நேரே குறிப்புகளைப் பெறுவதால் இதற்குச் சிம்மோ இணையமோ வேண்டுவதில்லை. ஆனால் இணையத்தின் துணையில்லாதபோது முதன்முறை இடம் காண்பதற்குச் சில நிமிஷங்கள் பிடிக்கும்; நெடுநாள் அணைத்து வைத்திருந்தால் பத்து நிமிஷங்களுக்கு மேலும் ஆகலாம். மரத்தடியிலும் கூரைக்குள்ளும் நில்லாமல் திறந்த வெளியில் பொறுமையாய் நிற்கவேண்டும். படக்கருவியின் அமைப்பில் இடக்குறிப்புச் சேர்க்கும் வசதியை இயக்கினால், எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை படத்துடனேயே பதிந்துவிடும். கிணறு, மண் பரிசோதனைக்கு மண் எடுத்த இடம் ஆகியவற்றை இவ்விதம் குறித்து வைக்கலாம்.

நிலத்தின் பரப்பை அளக்கும் செயலி ஏற்கெனவே இருந்தால், அதனையும் உபயோகிக்கலாம்; ஆனால் அதன் எல்லையை அறிந்து உபயோகிக்கவேண்டும். திறந்த வெளியிலும் இக்கருவி காட்டும் இடம் சுமார் 5 மீட்டர் தவறலாம். ஓர் ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர்; சதுரமான வயலாயின் பக்கம் ஏறக்குறைய 64 மீட்டர். ஒரு பக்கத்தில் 5 மீட்டர் தவறினால் பரப்பில் நூற்றுக்கு எட்டுப் பங்கு பிசகும். விதையும் உரமும் கணக்கிடுவதற்கு இதனால் பெரிய கேடில்லை. பத்து செண்டு நிலத்திலோ பக்கம் 20 மீட்டர்தான். அதே 5 மீட்டர் அங்கே கால்பங்கு பிசகாகிவிடும். வரப்புத் தகராறுக்கு இதனைச் சாட்சியாகக் கொண்டுவருவதில் ஒரு பயனுமில்லை. புலப்பட நகலும் சர்வேயர் அளவுமே அதற்கு ஆதாரம். கிராம நிர்வாக அலுவலர்கள் இதனைத் தங்களிடம் வருவோருக்கு எடுத்துச் சொன்னால் வீண் வம்பு பல குறையும்.

பண்பலை வானொலியும் பலவற்றில் உண்டு. காதில் மாட்டும் ஒலிவாங்கியின் கம்பியே அலைவாங்கியாக வேலை செய்வதால், அதைச் செருகினாலன்றி வானொலி கேட்காது. மத்திய அலை ஒலிபரப்பு இதில் கிடையாது. 1960-களில் திருச்சி வானொலியின் மூலம் பிரபலமாகி, 'ரேடியோ நெல்' என்றே பெயர் பெற்ற ஆடுதுறை 27 ரகத்தை நினைவில் வைத்திருக்கும் முதியோருக்கு இது சிறு குறையாகத் தோன்றலாம்.

திரையைப் பற்றியும் அறியவேண்டும். 2008-இல் அறிவிக்கப்பட்ட நோக்கியா 5800 போன்ற கருவிகளில், மேலேடும் கீழேடும் ஒன்றையொன்று தொடும்படி அழுத்தினால்தான் திரை உணரும். நகத்தாலும் குச்சியாலும் இயக்கலாம், ஈரக் கையும் தடையன்று. பெரும்பாலான மற்றக் கருவிகளின் திரையோ விரலின் மின்னியல் தன்மையை உணர்வது. நீர்த்துளியையும் அது விரலென்று கொள்ளுமாதலால், ஈரத்தில் தாறுமாறாக இயங்கும். கையைத் துடைத்துக்கொண்டு தொடுவதே பரிகாரம். மருந்து தெளித்த கையால் எந்தக் கருவியையும் தொடுதல் கூடாது. அக்கையிலுள்ள நஞ்சு திரையில் படிந்து, பேசும்போது முகத்துக்கும், பின்னர் குழந்தையின் கைக்கும் போய்ச் சேரும்.

எல்லாவற்றிலும் முக்கியமான எச்சரிக்கை பணத்தைப் பற்றியது. இக்கருவிகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்று பல வருஷங்களாயின. பழுதான பூட்டை மாற்றாத களஞ்சியத்துக்கு ஒப்பானது இவற்றின் நிலை. ஆகவே வங்கிக் கணக்குடன் இணைந்த எண்ணின் சிம்மை இதில் போடலாகாது. வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவு எண் இதில் வரவே கூடாது. கூகுள் கடையில் செயலி கிடைக்காததால், யாரோ அனுப்பிய செயலிக் கோப்பை அட்டையிலிருந்து ஏற்றிக்கொள்ளும் ஆசை எழும். பி.எம். கிசான் என்னும் பெயரிலேயே போலிக் கோப்புகள் பரப்பப்பட்டதுண்டு. அவற்றை ஏற்றியவர்களின் குறுஞ்செய்திகளைப் பிறர் படித்துக் கணக்கைக் காலி செய்ய முடியும். அவ்விதம் பணம் போய்விட்டால், ஒரு நிமிஷமும் தாமதியாமல் 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவிக்கவேண்டும். பயிர் சம்பந்தமான சந்தேகங்களுக்கு எந்தச் செயலியும் வேண்டாம். 1800-180-1551 என்னும் கட்டணமில்லா எண்ணில் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை தமிழிலேயே பதில் பெறலாம்.

கிராமத்தாரின் ஆதார், பட்டா, வங்கிப் புத்தகப் படங்களைப் பழைய கருவியில் எடுத்து வைத்திருக்கும் அலுவலர்கள், அதைப் பிறரிடம் கொடுக்குமுன் நினைவக அட்டையைக் கழற்றித் தம்மிடமே வைத்துக்கொள்ளவேண்டும். கருவியை ஆதி நிலைக்குக் கொண்டுவருதல் உசிதமாகும் சமயம் அது ஒன்றே.

மின்கலத்துக்கு முதற் பகை வெப்பம். தகரக் கூரை போட்ட மோட்டார் அறையிலும், வெயிலில் நிற்கும் டிராக்டரின் ஆசனத்திலும் கருவியை விட்டுச் செல்லலாகாது. அது சூடாயிருக்கும்போது மின்னேற்றவும் கூடாது. அலைவரிசை நலிந்த வயல்வெளியில், கோபுரத்தைத் தேடித் தேடியே கருவி மின்சாரத்தைச் செலவழிக்கும். படமெடுக்க மட்டும் கொண்டுபோகும்போது விமான நிலையில் வைப்பது சிக்கனம். நெடுநாள் எடுத்து வைப்பதானால், பாதியளவு மின்னேற்றி, கலத்தைக் கழற்றிக் குளிர்ந்த இடத்தில் தனியே வைக்கவேண்டும். கலம் உப்பியிருந்தால் அன்றே அதன் ஆயுள் முடிந்தது. அதை அழுத்தவோ குத்தவோ மீண்டும் மின்னேற்றவோ கூடாது, தீப்பிடிக்கும். குப்பையிலும் எருக்குழியிலும் எறியாமல், மின்னணுக் கழிவுகளைப் பெற்றுக்கொள்ளும் இடத்தில் சேர்ப்பிக்கவேண்டும். எருவுடன் கலந்து வயலுக்குப் போனால் அதிலுள்ள உலோகங்கள் மண்ணிலேயே தங்கிவிடும்.