பாறையைப் பிளக்கும் திரவம்

கண்டக்குழிக் கரைக்கு மேற்கே, மன்னார்ப் படுகையின் கடலடியில் இயற்கை வாயு உண்டென்பது 2011ஆம் ஆண்டில் அறியப்பட்டது. கெயின் நிறுவனம் அங்கே துளைத்த டொராடோ, பரகூடா என்னும் இரு ஆய்வுக் கிணறுகளே அதனைக் காட்டின. ஆயினும், வாயு இருப்பது வேறு. அது வெளிவருவது வேறு. பாறையின் நுண்துளைகள் ஒன்றோடொன்று இணைந்திருந்தால் வாயு தானாகவே கிணற்றை நாடி வரும். பாறை இறுகியதாயின் அதற்கு வழி திறக்கவேண்டும். மிகுந்த அழுத்தத்தில் திரவத்தைச் செலுத்திப் பாறையைப் பிளக்கும் முறை, 1947இல் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் முதன்முதலாகச் சோதிக்கப்பட்டது. இந்தியாவில் இராஜஸ்தானின் இராகேஸ்வரி வாயுவயலிலும் அது கையாளப்பட்டுள்ளது.

வெறும் நீரே பாறையைப் பிளந்துவிடும். ஆனால் அழுத்தம் நீங்கியதும் பிளவு மீண்டும் மூடிக்கொள்ளும். அதனைத் தாங்கி நிற்க மணல் உள்ளே செல்லவேண்டும். நீரிலிட்ட மணலோ விரைவில் அடியில் தங்கிவிடும். எனவே நீரைப் பாகாக்குகின்றனர். இதற்கு உதவுவது நாம் கறியாக்கி உண்ணும் கொத்தவரையின் விதைப் பசையே. ஆயிரம் லீற்றர் நீருக்குச் சில கிலோகிராம் பசை போதுமானது. அதனுடன் போரேற்று உப்பைச் சேர்த்தால் பசையின் இழைகள் பிணைந்து, மணலைச் சுமக்கும் கூழாகும்.

சுமை இறக்கியபின் அக்கூழே பிளவை அடைத்துக்கொள்ளுமன்றோ? ஆதலால் பசையைச் சிதைக்கும் நொதியத்தையோ ஒட்சியேற்றும் பொருளையோ முன்கூட்டியே கலக்கின்றனர். அது முந்திச் செயற்பட்டால் மணல் நடுவழியில் விழும். பிந்தினால் வாயுவின் வழி அடைபடும். ஆழத்தின் வெப்பத்தை அறிந்து இந்நேரத்தைக் கணிப்பதே வல்லுநரின் திறன். பாறையிலுள்ள களி ஊதாதிருக்கப் பொற்றாசியம் குளோரைட்டும், பசையை உண்ணும் பற்றீரியாக்களை அழிக்க நச்சுப் பொருளும் சேர்க்கப்படுவதுண்டு.

இத்தனைக்கும் நீர் எங்கிருந்து வரும்? கண்டக்குழி போன்ற கரையில் கடல் அருகிலேயே உண்டு. எனினும் கடல்நீரின் மகனீசியமும் கல்சியமும் காரமான போரேற்றுக் கூழில் வீழ்படிவாகும். அதன் சல்பேற்று, பாறைநீரிலுள்ள பேரியத்துடன் கூடிக் கெட்டியான படிவை உண்டாக்கும். கடல்நீரைச் சுத்திகரிக்கவேண்டும், அல்லது கலவையையே மாற்றவேண்டும்.

நன்னீரோ அங்கே அருமையானது. கற்பிட்டிக் குடாநாட்டின் மணலில் ஊறிய மழைநீர், உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கின்றது. வெங்காயமும் மிளகாயும் விளைவதும், மக்கள் அருந்துவதும் அந்நீராலேயே. மிகுதியாக இறைத்தால் கீழிருந்து உவர் ஏறும். மணல் நிலமாதலால் மேலே சிந்தும் எப்பொருளும் விரைவில் கிணற்றுநீரை அடையும். பயிருக்கிட்ட உரத்தின் நைத்திரேற்று அக்கிணறுகளிற் கலந்திருப்பதே இதற்குச் சான்று.

பாறையினின்று திரும்பிவரும் திரவம் உப்பையும் இரசாயனங்களையும் சுமந்தே வரும். ஆகவே இத்தகைய கரையில் திரவத்தை வடிவமைப்போர், பாறைக்குள் அது செய்யும் வேலையை மாத்திரம் கணித்தாற் போதாது. அதற்கான நீர் எங்கிருந்து எடுக்கப்படும், திரும்பிய நீர் எங்கே சேரும் என்னும் இரு வினாக்களுக்கும் முதலிலேயே விடை காணவேண்டும். அவ்விடையைக் கேட்டறியும் உரிமை, அக்கிணறுகளை நம்பி வாழும் மக்களுக்கு உண்டு.