எக்ஸ் கதிர்க் கண்ணைத் திறப்பதும் மூடுவதும்

பீனியா என்றதும் நம் சங்கத்துக் குடும்பங்களுக்குத் தொழிற்பேட்டைதான் நினைவுக்கு வரும். சேலத்திலிருந்தும் தருமபுரியிலிருந்தும் வட ஆர்க்காட்டுப் பகுதியிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்களில் பலருக்குச் சோறிட்ட இடம் அது. அதே பீனியாவின் கொட்டகைகளில்தான் 1970-களின் முற்பகுதியில், பேராசிரியர் யூ. ஆர். ராவ் அவர்களின் தலைமையில், நம் நாட்டின் முதல் துணைக்கோளான ஆரியபட்டா உருவாயிற்று என்பதை நம்மவரில் எத்தனை பேர் அறிவர்? 1975 ஏப்ரல் 19ஆம் நாள் சோவியத் நாட்டிலிருந்து ஏவப்பட்ட அத்துணைக்கோளில், விண்ணிலிருந்து வரும் எக்ஸ் கதிர்களை அளக்கும் கருவியும் ஒன்று இருந்தது. நான்கைந்து நாட்களில், ஆராய்ச்சிக் கருவிகளுக்கு மின்சாரம் வழங்கும் பகுதியில் பழுது நேர்ந்தது. கருவிகளை நிறுத்த வேண்டியதாயிற்று. துணைக்கோள் சுற்றிக்கொண்டிருந்தது, அதன் எக்ஸ் கதிர்க் கண் மட்டும் மூடியே கிடந்தது.

இத்தகைய கண்ணுக்கு உயிரூட்டுவதும் அதை உறங்கச் செய்வதும் விளக்கின் பொத்தானை அமுக்குவது போன்றதன்று. அதற்கென ஒரு முறையுண்டு. அம்முறையை அறிந்த வரையில் ஈண்டு எழுதப் புகுந்தோம். நம் இளைஞர் சிலர் இந்நகரின் ஆய்வுக்கூடங்களில் கருவி இயக்குநராகவும் உதவியாளராகவும் அமர்ந்துள்ளனர். அவர்தம் பெற்றோருக்கு, பிள்ளை நாள் முழுதும் அங்கே என்னதான் செய்கிறான் என்பது விளங்கவேண்டாமா?

எக்ஸ் கதிரைப் பிடிக்கும் இக்காலத்துக் கருவிகள் பெரும்பாலும் சிலிக்கன், ஜெர்மேனியம் போன்ற குறைகடத்திகளால் ஆனவை. கதிர்த்துகள் ஒன்று சிலிக்கனில் விழுந்தால், தன் ஆற்றலுக்கு ஏற்ப எலெக்ட்ரான்களை விடுவிக்கிறது. 5,900 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள துகள் ஏறத்தாழ 1,600 எலெக்ட்ரான்களை எழுப்பும். இவற்றை எண்ணினால் வந்த கதிரின் ஆற்றல் தெரிந்துவிடும். ஆனால் வெப்பமும் இதே வேலையைச் செய்கிறது என்பதுதான் தொல்லை. கதிரே விழாத இருட்டிலும், வெப்பத்தின் அசைவால் எலெக்ட்ரான்கள் தாமே கிளம்பிவிடும். சந்தை இரைச்சலில் ஒருவர் காதோடு சொல்லும் சொல்லைக் கேட்பது எங்ஙனம்? ஆகவே சந்தையையே அடக்கவேண்டும். அறை வெப்பத்திலிருந்து இறங்கும்போது, ஏறத்தாழ 6 அல்லது 7 டிகிரி குறையுந்தோறும் இவ்விரைச்சல் பாதியாகக் குறைகிறது. சிலிக்கன் சில்லைப் பூஜ்யத்துக்குக் கீழ் 80 டிகிரி சென்டிகிரேடு வரையில் குளிர்விப்பதும், ஜெர்மேனியக் கட்டியைப் பூஜ்யத்துக்குக் கீழ் 196 டிகிரியில் கொதிக்கும் திரவ நைட்ரஜனைக் கொண்டு குளிர்விப்பதும் இதற்காகவே.

குளிர் என்று சொல்லிவிட்டால் ஈரம் என்னும் பகை வந்து நிற்கும். குளிர்ச்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்த செம்பு வியர்ப்பதைக் காணாத இல்லத்தரசியர் இல்லை. இங்கோ செம்பன்று, உறைபனியினும் 80 டிகிரி தாழ்ந்த ஒரு சில்லு. காற்றிலுள்ள நீராவி அதன்மேல் பனிக்கட்டியாய்ப் படியும். பனி கதிரை மறைக்கும், மின்னிணைப்புகளைக் கெடுக்கும். எனவே முதல் வேலை குளிர்விப்பதன்று, காற்றை அகற்றுவது. சில்லு அமர்ந்துள்ள அறையை எக்கியால் வெற்றிடமாக்கி, அழுத்தமானி உரிய அளவைக் காட்டும்வரை காத்திருப்பர். இது சில மணி நேரமும் ஆகும், ஓரிரவும் ஆகும். அவசரப்படுபவர்க்கு இத்தொழில் ஆகாது என்பது இங்கேயே தெரிந்துவிடும்.

இரண்டாவது, தண்ணீர். 1834இல் பிரான்சு நாட்டின் பெல்டியர் என்பவர், கடிகாரத் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவர், இருவேறு உலோகங்கள் கூடுமிடத்தில் மின்சாரம் பாய்ந்தால் ஒருபுறம் குளிரும் மறுபுறம் சூடும் தோன்றுவதைக் கண்டார். இன்றைய மின்குளிரூட்டித் தகடு அவர் கண்டதன் வழிவந்ததே. அது குளிரைப் படைப்பதில்லை. வெப்பத்தை ஒரு முகத்திலிருந்து மறு முகத்துக்கு வாரி இறைக்கிறது. இறைத்த வெப்பத்தைக் கொண்டுபோக மறுமுகத்தில் நீரோட்டம் இல்லையெனில், தகடு தன் சூட்டில் தானே வெந்துபோகும். ஆதலின் நீர் ஓடுகிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே குளிரூட்டிக்கு மின்சாரம் தரவேண்டும். அந்நீர் மிகக் குளிர்ந்திருப்பதும் தீது. நம் பெங்களூரின் மழைக்காலத்தில், காற்றின் பனிநிலைக்குக் கீழே நீரை ஓடவிட்டால், கருவியின் வெளிப்புறக் குழாய்கள் வியர்த்து மின்பகுதியில் சொட்டும்.

பின்னர் மெல்ல மெல்லக் குளிர்விப்பர். சில்லும் அது ஒட்டப்பட்ட பீங்கான் தகடும் உலோகத் தாங்கியும் ஒரே அளவில் சுருங்குவன அல்ல. விரைந்து குளிர்வித்தால் ஒன்றையொன்று இழுத்துப் பிளந்துவிடும். நீராவி எஞ்சின் காலத்து மூத்த தோழர்கள், குளிர்ந்த கொதிகலனை அவசரமாய்ச் சூடாக்கினால் குழாய்கள் கசியும் என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். சூட்டுக்குச் சொன்னது குளிருக்கும் பொருந்துகிறது.

குளிர் நிலைபெற்ற பின்னரே உயர்ந்த மின்னழுத்தம். ஜெர்மேனியக் கருவிகளுக்கு இது ஆயிரக்கணக்கான வோல்ட்டு வரை செல்லும். கட்டி முழுவதும் குளிராத நிலையில் அதைக் கொடுத்தால் மின்னோட்டம் பெருகி, முதற் பெருக்கியின் மென்மையான உறுப்பு கருகிவிடும். குளிர்ந்த பின்னும், திருகைச் சிறிது சிறிதாகத் திருப்பி, ஒவ்வொரு படியிலும் நின்று பார்த்து ஏற்றவேண்டும். நல்ல கருவிகளில் ஒரு காவல் உண்டு: உள்ளே வெப்பம் ஏறினால் உயரழுத்தம் தானே அறுந்துவிடும். நம் சிக்னல் காபின்களில் பாயின்ட்டு சரியாகப் பொருந்திப் பூட்டப்படாமல் சிக்னல் நெம்புகோல் அசையாதல்லவா, அதே ஏற்பாடு. ஒழுங்கைத் தொழிலாளியின் நினைவுக்கு மட்டும் விட்டுவிடாமல் இயந்திரத்திலேயே எழுதிவைத்தவர், மனித இயல்பை நன்கறிந்தவர் என்றே நாம் கருதுகிறோம்.

கடைசியாகத்தான் கதவு திறக்கும். கதிர் உள்ளே வரும் சன்னலோ பெரிலியம் என்னும் உலோகத்தின் மெல்லிய தகடு. 25 மைக்ரான் அல்லது அதனினும் மெல்லியது. தலைமயிரே அதைவிடத் தடிப்பு. விரல்பட்டாலும் உடையும், உடைந்தால் அதன் தூள் நச்சு.

நிறுத்துவது இதன் நேர் எதிர் வரிசை. முதலில் கதவை மூடு. உயரழுத்தத்தைப் படிப்படியாய் இறக்கு. பின் குளிரைத் தளர்த்து. சில்லு அறை வெப்பத்துக்கு வரும்வரை எக்கியை நிறுத்தாதே. நீரை எல்லாவற்றுக்கும் பிறகே அடைக்கவேண்டும். உள்ளே காற்றை விடுவதாயின், உலர்ந்த நைட்ரஜனை மெதுவாக விடவேண்டும். சட்டென்று விட்டால் சன்னல் தாங்காது.

இந்நகரத்து வாசகர்கள் உடனே கேட்கும் கேள்வி, மின்சாரம் நின்றால் என் செய்வது என்பதே. எக்கி நிற்கும், குளிரூட்டி நிற்கும், உள்ளே உறைந்து ஒட்டியிருந்த வாயுக்கள் கிளம்பும். அரைமணியில் மின்சாரம் திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடங்க மனம் துடிக்கும். அதுவே ஆபத்து. அரைகுறையாய்ச் சூடேறிய கருவியை மறுபடி குளிர்வித்தால், கிளம்பிய ஈரம் சில்லின் முகத்திலேயே போய் உறையும். முழுவதும் சூடாக விட்டு, மீண்டும் வெற்றிடமாக்கி, முதலிலிருந்து தொடங்குவதே முறை. ஒருநாள் வேலை போயிற்றே என்று பதறும் மேலதிகாரியிடம் இதை எடுத்துச் சொல்லத் துணிவு வேண்டும். பல இலட்சம் ரூபாய்க் கருவி பிழைப்பது சில வேளைகளில் ஓர் உதவியாளரின் அத்துணிவால்தான்.

தரையில் இப்படியென்றால், எட்டாத உயரத்தில் எப்படி? 2015 செப்டம்பர் 28ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-30 ஏவிய அஸ்ட்ரோசாட் 650 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுவது. அதற்கு ஆணைகள் செல்வது பெங்களூரின் கட்டுப்பாட்டு நிலையத்திலிருந்து; செய்திகள் வந்திறங்குவது மைசூர்ச் சாலைப் பக்கமுள்ள பயலாலுவில். அதன் மென் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியைப் பம்பாயின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் செய்தது. உள்ளே 600க்கு 600 புள்ளிகள் கொண்ட சிலிக்கன் சில்லு, மின்குளிரூட்டியால் பூஜ்யத்துக்குக் கீழ் ஏறத்தாழ 80 டிகிரியில் நிற்கிறது. வாரி எடுத்த வெப்பத்தை இருண்ட வானை நோக்கிய ஒரு தகடு வெளியே வீசிவிடுகிறது. வெற்றிடந்தான் அங்கே இலவசமாயிற்றே, உடனே திறந்துவிட்டார்களா? இல்லை. துணைக்கோளின் வண்ணப்பூச்சும் பசையும் கம்பியுறையும் வெளிவிடும் ஆவிகள் குளிர்ந்த சில்லில் படியக்கூடும். அவை கலைந்து போகக் காத்திருந்து, அக்டோபர் 26ஆம் நாள்தான் சில்லறையின் கதவைத் திறந்தனர். அத்துணைக்கோளின் புறவூதாத் தொலைநோக்கியோ நவம்பர் இறுதிவரை மூடியேயிருந்தது. கோடிக்கணக்கில் செலவிட்ட பொருளை ஏவிவிட்டு, பார்க்காமலே இரண்டு மாதம் இருப்பது எளிதன்று.

திறப்பதில் மட்டுமன்றி, வேளையறிந்து மூடுவதிலும் உயிர் இருக்கிறது. இதைக் கற்பித்தது அமெரிக்கரின் சந்திரா என்னும் துணைக்கோள். நம் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கியது அது. அவர் 1910இல் லாகூரில் பிறந்ததற்குக் காரணம், தந்தையார் அங்கே இரயில்வே கணக்குத் தணிக்கையில் பணிபுரிந்தமையே என்பதை இரயில்வே ஊழியராகிய நாம் சற்றுப் பெருமையோடு குறிப்பிடலாமன்றோ? 1999 ஜூலை 23இல் ஏவப்பட்ட சந்திரா, நீள்வட்டப் பாதையில் பூமியின் கதிர்வீச்சு வளையங்களினூடே சென்று வருவது. அவ்வளையங்களில் திரியும் மெல்லாற்றல் புரோட்டான்களையும் கண்ணாடிகள் எக்ஸ் கதிரைப் போலவே குவித்துச் சில்லுகள்மேல் சொரியும் என்பது முன்கூட்டிக் கணிக்கப்படவில்லை. முதற்சில சுற்றுகளிலேயே, பத்துச் சில்லுகளில் எட்டின் கூர்மை குன்றிவிட்டது. செப்டம்பரில் உண்மை புலனானதும், வளையத்தை நெருங்குமுன் சில்லுகளைக் குவியத்திலிருந்து விலக்கிவிடும் வழக்கம் தொடங்கிற்று. அதன்பின் சேதம் மிகமிக மெதுவாகவே வளர்ந்தது.

2004 நவம்பரில் சென்ற ஸ்விஃப்ட் என்பதற்கு வேறு சோதனை. அதன் எக்ஸ் கதிர்ச் சில்லும் அஸ்ட்ரோசாட்டின் சில்லும் ஓரினம். ஏவிய சில வாரங்களில் மின்குளிரூட்டியே பழுதாயிற்று. கைவிடாத பொறியாளர்கள், வெப்பம் வீசும் தகடு பூமியின் சூட்டைப் பாராதவாறு துணைக்கோளைத் திருப்பித் திருப்பி நிறுத்தியே, பூஜ்யத்துக்குக் கீழ் 50 முதல் 70 டிகிரி வரையிலான குளிரைப் பெற்று வேலை வாங்கினர். 2007இல் சில்லின் அடித்தள மின்னழுத்தத்தைச் சுழியிலிருந்து 6 வோல்ட்டுக்கு உயர்த்தியதில் இரைச்சல் மேலும் அடங்கிற்று.

அஸ்ட்ரோசாட் சந்திராவைப் போல் வளையங்களுக்குள் புகுவதில்லை. ஆயினும் தென் அட்லாண்டிக் கடலுக்குமேல் மின்துகள் மிகுந்த ஒரு பகுதியின் ஓரத்தைத் தொட்டுச் செல்கிறது. அவ்வேளைகளில் அதன் வாயு நிரம்பிய பெரும்பரப்புக் கருவிகளின் உயரழுத்தம் தாழ்த்தப்படுகிறது, கடந்தபின் ஏற்றப்படுகிறது. அம்மூன்று கருவிகளில் ஒன்று, வாயுக் கசிந்து, 2018 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. ஐந்தாண்டுக்கென்று வகுத்த துணைக்கோளுக்கு 2025 செப்டம்பரில் பத்தாண்டு நிறைந்தது. சில்லின் நான்கு மூலைகளிலும், அளவை சரிபார்ப்பதற்கென இரும்பு-55 என்னும் கதிரியக்கப் பொருளைச் சிறிது வைத்தனுப்பியிருந்தனர். 2.7 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகத் தேயும் அது, இப்பத்தாண்டில் ஏறத்தாழப் பன்னிரண்டில் ஒரு பங்காய்க் குன்றிவிட்டது.