ஒலித்தொகுப்பில் மௌனத்தின் இடம்

இதழியல் மாணவராகிய நாம் கணினியில் ஒலியும் காட்சியும் தொகுக்கப் பயிலுங்கால், முதலில் நம்மை ஈர்ப்பது அதன் எளிமையே. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த 'அடாசிட்டி' என்னும் இலவச மென்பொருளில் பேச்சு அலைவடிவாய்த் திரையில் விரிகிறது. மௌனம் வெறும் நேர்கோடு. காந்த நாடாவைச் சவரத்தகட்டால் வெட்டி ஒட்டிய நாட்களில் ஒட்டிய இடம் கண்ணுக்குப் புலப்பட்டது. இன்றோ தழும்பே இல்லை.

அந்நேர்கோடுகளை நீக்குவதே திறமை எனப் பயிற்சியில் தோன்றும். எனினும், கேள்விக்குப் பின் ஒருவர் தயங்கிய நான்கு நொடிகளும் அவருடைய மறுமொழியின் பகுதியல்லவா? அவற்றை அகற்றின் தயங்கியவர் துணிந்தவராகிறார். சொல் ஒன்றும் மாறவில்லை, பொருள் மாறிவிட்டது.

காட்சிகளின் வரிசையும் அத்தகையதே. 2007இல் பிபிசி செய்தியாளர்களுக்குக் காட்டிய முன்னோட்டம் ஒன்றில், எலிசபெத் அரசியார் புகைப்பட அமர்விலிருந்து சினந்து வெளியேறுவதாகத் தோன்றிற்று. உண்மையில் அது அவர் அமர்விற்கு வரும்போது எடுத்த காட்சி. துண்டுகள் இடம் மாறியிருந்தன, அவ்வளவே. 'பிபிசி ஒன்' அலைவரிசைத் தலைவர் பீட்டர் ஃபின்சம் அவ்வாண்டே பதவி விலகினார்.

ஆகவே மூலப்பதிவைத் தனியே காத்து, தொகுத்ததை அதனோடு ஒப்பிட்டுக் கேட்டல் வேண்டும். தயக்கம் மிக நீண்டதாயின், 'சற்று நேரம் பேசாதிருந்தார்' என அறிவிப்பாளர் குரலில் கூறிச் சுருக்கலாம்.