பிரிண்டில் வரிசையாகக் கறுப்புப் புள்ளியா? பழுது எங்கே என்று ஸ்கேல் சொல்லும்!

நாளைக்குக் காலையில் கொடுக்க வேண்டிய விண்ணப்பம். ராத்திரி பத்து மணிக்கு பிரிண்ட் போட்டால், பக்கத்தின் ஓரமாக ஒரு கறுப்புப் புள்ளி. கொஞ்சம் கீழே அதே மாதிரி இன்னொன்று. அதற்கும் கீழே இன்னொன்று. சர்வீஸுக்கு போன் போட்டால், ‘கார்ட்ரிட்ஜ் போயிடுச்சு சார், புதுசு போடணும்’ என்று ஒரே வரியில் முடிந்துவிடலாம். அது சரியாகவும் இருக்கலாம். ஆனால், பழுது வேறு பாகத்தில் இருந்தால் காசுதான் போகும், கறை போகாது. எனவே, பர்ஸை எடுக்கும் முன் ஸ்கேலை எடுங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது?

லேசர் பிரிண்டரில் திரவ மை கிடையாது. டோனர் என்ற பொடிதான். அதில் பெரும்பகுதி பிளாஸ்டிக். ‘டிரம்’ எனப்படும் உருளையின் மேல் முதலில் சீராக மின்னூட்டம் ஏற்றப்படும். எழுத்து வரவேண்டிய இடங்களில் லேசர் ஒளி பட்டு அந்த மின்னூட்டம் குறையும். அங்கே டோனர் ஒட்டிக்கொள்ளும். டிரான்ஸ்ஃபர் ரோலர் அந்தப் பொடியைக் காகிதத்துக்கு இழுக்கும். கடைசியாக ‘ஃப்யூசர்’, ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் பொடியை உருக்கி, அழுத்தி, காகிதத்தோடு ஒட்டவைக்கும்.

இதில் முக்கியமான பாகங்கள் எல்லாமே சுற்றும் உருளைகள். அவற்றில் ஒன்றில் கீறலோ அழுக்கோ இருந்தால், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை காகிதத்தில் முத்திரை குத்தும். அதாவது, இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உள்ள தூரம்தான் அந்த உருளையின் சுற்றளவு.

ஸ்கேலில் எவ்வளவு காட்டுகிறது?

முதலில், கம்ப்யூட்டர் இல்லாமல் பிரிண்டரிலிருந்தே ஒரு டெஸ்ட் பேஜ் எடுங்கள். அதிலும் புள்ளி வந்தால் கோளாறு பிரிண்டரில்தான். பிறகு ஒரு புள்ளியின் மேல் விளிம்பிலிருந்து அடுத்த புள்ளியின் மேல் விளிம்பு வரை மில்லிமீட்டரில் அளங்கள்.

பல சிறிய பிரிண்டர்களில் டிரம்மின் விட்டம் 24 மி.மீ. பள்ளிக்கூடக் கணக்குப்படி 3.14-ஆல் பெருக்கினால் சுமார் 75 மி.மீ. ஏ4 தாளின் நீளம் 297 மி.மீ. என்பதால், ஒரே பக்கத்தில் அந்தப் புள்ளி மூன்று நான்கு முறை தலைகாட்டும். 30 மி.மீ. டிரம் என்றால் இடைவெளி 94 மி.மீ. பிரதர் பிரிண்டர்கள் பலவற்றில் இந்த 94-தான். ஃப்யூசருக்கும் மற்ற ரோலர்களுக்கும் மாடலுக்கு மாடல் அளவு மாறும். உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் அட்டவணை இருக்கும்.

டிரம்தான் குற்றவாளி என்று தெரிந்தாலும் உடனே மாற்ற வேண்டியதில்லை. சில நேரம் அது கீறலாக இருக்காது. லேபிள் பிரிண்ட் போட்டபோது ஒட்டிய பசையாக இருக்கும். டிரம் தனியாக வரும் மாடல்களில், உலர்ந்த காட்டன் பட்ஸால் அந்த இடத்தை மெதுவாகத் துடைத்தாலே சரியாகிவிடலாம். கூர்மையான பொருள் வேண்டவே வேண்டாம். அதன் மேற்பரப்பைக் கையால் தொடாதீர்கள். அதிக நேரம் வெளிச்சத்தில் வைக்காமல் ஒரு பேப்பரால் மூடி வையுங்கள்.

புள்ளி இல்லை, கோடு வருதே?

மேலிருந்து கீழாக ஒரே கோடு என்றால் இடைவெளிக் கணக்கு உதவாது. ஜெராக்ஸ் எடுக்கும்போது மட்டும் கறுப்புக் கோடு வந்து, பிரிண்டில் வரவில்லையா? கார்ட்ரிட்ஜ் மேல் தப்பு இல்லை. மேல்தட்டில் பேப்பர் ஓடும் இடத்தில் உள்ள ஒல்லியான கண்ணாடிப் பட்டையில் அழுக்கு இருக்கும், துடைத்தால் போதும். வெள்ளைக் கோடு அல்லது மங்கலான பட்டை என்றால், டோனர் தீரும் நிலையில் இருக்கலாம். கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்து, பக்கவாட்டில் ஐந்தாறு முறை மெதுவாக அசைத்துப் போட்டுப் பாருங்கள்.

எழுத்து கையில் ஒட்டுகிறதா?

விரலால் தேய்த்தால் எழுத்து அழிகிறது என்றால் சந்தேகம் ஃப்யூசர் மேல் போகும். ஆனால், அதற்கு முன் செட்டிங்ஸைப் பாருங்கள். தடிமனான தாளை வைத்துவிட்டு ‘பிளெய்ன் பேப்பர்’ என்று விட்டிருந்தால் போதிய சூடு கிடைக்காது. மழைக்காலத்தில் ஈரம் குடித்த தாளும் இதே தொல்லையைத் தரும். புதுக்கட்டைப் பிரித்து நாலு தாள் வைத்துப் பாருங்கள்.

பக்கமே வெளுத்து வந்தால், ‘பாதியில் நிறுத்தும்’ சோதனை உண்டு. தாள் பாதி தூரம் போயிருக்கும்போது மூடியைத் திறந்துவிடுங்கள், பிரிண்டர் நின்றுவிடும். டிரம்மில் எழுத்து தெளிவாக இருந்து, தாளுக்கு வரவில்லை என்றால் டிரான்ஸ்ஃபர் ரோலரைச் சந்தேகிக்கலாம். டிரம்மிலேயே எழுத்து இல்லை என்றால் கார்ட்ரிட்ஜ் அல்லது லேசர் பகுதி. அந்தத் தாளில் இருப்பது உருகாத பொடி. சட்டையில் படாமல் எடுங்கள்.

இதையெல்லாம் செய்யாதீங்க!

ஃப்யூசர் இருக்கும் இடத்தில், பிரிண்டரை அணைத்து நன்றாக ஆறும் வரை கை வைக்காதீர்கள். கொட்டிய டோனரை வீட்டு வாக்குவம் கிளீனரால் உறிஞ்ச வேண்டாம். பொடி அவ்வளவு நுண்ணியது, ஃபில்டரைத் தாண்டி அறை முழுக்கப் பரவும். ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். துணியில் பட்டால் குளிர்ந்த நீர் மட்டும். வெந்நீர் ஊற்றினால் பிளாஸ்டிக் இளகிக் கறை நிரந்தரமாகிவிடும். மூடியைத் திறந்து வைத்தபடி, சுவிட்சை ஏமாற்றி ஓட்டிப் பார்ப்பதும் கூடாது. உள்ளே இருக்கும் லேசர் பொதுவாகக் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் ஃப்யூசர், லேசர் பகுதி என்று வந்தால் சர்வீஸ் ஆள்தான் கை வைக்க வேண்டும். ஆனால் இந்த முறை போன் பண்ணும்போது, ‘பிரிண்ட் சரியா வரலை’ என்று சொல்லாதீர்கள். ‘டெஸ்ட் பேஜிலும் 75 மி.மீ. இடைவெளியில் புள்ளி விழுது’ என்று சொல்லுங்கள். எதை, ஏன் மாற்ற வேண்டும் என்ற பேச்சு அங்கிருந்து தொடங்கும்.