ஆஸ்லோவின் பீர் விலை: தவறாகப் படிக்கப்படும் பாடம்

ஆஸ்லோவில் ஒரு சாதாரண பப்பில் அரை லிட்டர் பீர் இன்று ஏறத்தாழ 100 முதல் 120 குரோனர். நம் பணத்தில் ஏறத்தாழ ஆயிரம் ரூபாய். துறைமுகத்தை ஒட்டிய ஆக்கர் பிரிக்கே பகுதிக்குப் போனால் இன்னும் கூடும். 2000-ஆம் ஆண்டுவாக்கில் இதே அரை லிட்டர் 50 குரோனரை ஒட்டித்தான் இருந்தது. 2010-க்குள் அது 60, 70 குரோனர் ஆனது. சில ஆண்டுகளுக்கு முன் மூன்று இலக்கத்தைத் தொட்டது. பல பப்புகள் அரை லிட்டர் கிளாஸை விட்டு 400 மில்லி கிளாஸுக்கு மாறிவிட்டன. விலைப்பட்டியலில் தெரியாத இன்னொரு விலையேற்றம் இது.

தமிழ்நாட்டில் மதுவைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இந்த எண்கள் ஒரு வாதமாக வந்து நிற்கின்றன. "நார்வேயைப் பாருங்கள், விலையை ஏற்றியே குடியை அடக்கிவிட்டார்கள், இங்கும் ஏற்றினால் போதும்" என்பது அந்த வாதம். கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் ஆஸ்லோவின் கணக்கைப் பிரித்துப் பார்த்தால் அது வேறொன்றைச் சொல்கிறது. விலையை மட்டும் ஏற்றிவிட்டு மற்றதை அப்படியே விடும் அரசு, தன் மக்களில் மிக ஏழையான குடிகாரரை மிக ஆபத்தான பாட்டிலை நோக்கித் தள்ளுகிறது.

முதலில், விலை 110 குரோனர் என்று வைத்துக்கொண்டு, அதில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். நார்வேயில் பப்பில் ஊற்றும் சாதாரண பீரின் வலிமை 4.7 விழுக்காட்டுக்குள் இருக்கும். இந்த வகைக்கு மது வரி லிட்டருக்கு 20 குரோனருக்குச் சற்று மேல். அரை லிட்டருக்கு 10 முதல் 13 குரோனர். அதற்கு மேல் மதிப்புக் கூட்டு வரி 25 விழுக்காடு. 110 குரோனரில் அது 22 குரோனர். இந்த இரண்டாவது வரி நாற்காலிக்கும் செருப்புக்கும் கூட உண்டு. ஆக, மதுவுக்கென்றே போடப்பட்ட வரி பப் விலையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். மீதி பெரும்பாலும் கட்டட வாடகை, பீர் ஆலைக்குப் போகும் பணம், ஊழியரின் சம்பளம். 2018 முதல் உணவகம், பப் ஊழியருக்குச் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி அங்கே நடப்பில் இருக்கிறது. பீர் ஊற்றித் தருகிறவரும் அந்த நகரத்திலேயே வாடகை கொடுத்து வாழ வேண்டும். அந்தச் செலவும் சேர்ந்ததுதான் ஆஸ்லோவின் பீர் விலை.

அடுத்தது, விலை உண்மையிலேயே ஏறியதா என்ற கேள்வி. 2000-க்குப் பின் அரை லிட்டர் விலை இரு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. அதே காலத்தில் நார்வேயின் பொதுவான விலைவாசி ஏறியது ஏறத்தாழ முக்கால் மடங்கு. சராசரிச் சம்பளமோ பீரைப் போலவே இரு மடங்கைத் தாண்டிவிட்டது. நிலையான வேலையில் இருக்கும் ஆஸ்லோக்காரர் தன் மாதச் சம்பளத்தில் வாங்கக்கூடிய பீரின் அளவு பெரிதாகக் குறையவில்லை. மது வரியும் ஆண்டுதோறும் பட்ஜெட்டில் விலைவாசிக்கு ஏற்ப ஏற்றப்படுவதுதான் வழக்கம். எண் பெரிதாகிக்கொண்டே போவதால் கட்டுப்பாடும் இறுகிக்கொண்டே போகிறது என்று நினைப்பது பிழை. வருமானம் அந்த வேகத்தில் ஏறாதவருக்கு மட்டும்தான் அந்த எண் ஒவ்வோர் ஆண்டும் இறுகுகிறது: ஓய்வூதியக்காரர், மாணவர், வேலை இழந்தவர்.

இந்த இறுக்கத்தை ஆஸ்லோவின் பழைய பப்புகளில் பார்க்கலாம். ரிங்னெஸ், ஷோவ்ஸ், ஃப்ரிடென்லுண்ட் என்று நகரத்துக்குள்ளேயே பெரிய பீர் ஆலைகள் இயங்கிய ஊர் அது. ஆலைத் தொழிலாளர் வாழ்ந்த கிழக்குப் பகுதியில் மர மேசைகளும் புகை படிந்த சுவர்களுமாக எளிய பப்புகள் இருந்தன. பழுப்பு பப் என்று அவற்றை அழைப்பார்கள். ஷோவ்ஸ் ஆலை 1981-இல் மூடப்பட்டது. 1876-இல் தொடங்கிய ரிங்னெஸ் 2001-இல் நகருக்கு வெளியே யெல்லெரோசனுக்குப் போனது. 2004 முதல் அது கார்ல்ஸ்பெர்கின் கையில் இருக்கிறது. கிரண்லாண்டில் 1892 முதல் இருந்துவரும் ஒலிம்பன், ஊர்க்காரர் 'லொம்பா' என்று அழைக்கும் பீர்க்கூடம், 2007-இல் புதுப்பிக்கப்பட்டு வசதியுள்ள வேறொரு கூட்டத்துக்கானதாக மாறியது. ஆலைகள் இருந்த தெருக்களில் வீட்டு வாடகை ஏறியது. பப்புகளும் அந்த வாடகைக்கேற்ப மாறின. கையில் பணம் குறைந்தவர் உட்கார இருந்த இடங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன.

அப்படியானால் அவர்கள் குடிப்பதை விட்டுவிட்டார்களா? பெரும்பாலோர் இடத்தை மாற்றிக்கொண்டார்கள். கடையில் அரை லிட்டர் பீர் டின் பப் விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்குக் கிடைக்கிறது. அதனால் நார்வே இளைஞரிடம் 'ஃபோர்ஷ்பீல்' என்ற பழக்கம் ஊன்றிவிட்டது. வெளியே போகுமுன் யாராவது ஒருவர் வீட்டில் கூடி, மலிவாக வாங்கி வைத்ததைக் குடித்துவிட்டு, இரவு பதினொரு மணிக்கு மேல்தான் பப்புக்குக் கிளம்புகிறார்கள். பப்பில் ஒரு கிளாஸோடு நிறுத்திக்கொள்வதால் பில் சிறியதாக இருக்கும். உடம்பில் ஏறியிருக்கும் அளவு சிறியதல்ல.

இங்கேதான் கவலைப்பட வேண்டிய இடம் இருக்கிறது. நார்வேயில் மிகக் கடுமையாகக் கண்காணிக்கப்படும் குடிக்குமிடம் பப். போதை தெரியும்படி இருப்பவருக்கு ஊற்றித் தரக் கூடாது என்பது சட்டம். 18 வயதாகாதவருக்கு பீரும், 20 வயதாகாதவருக்குச் சாராய வகையும் கிடையாது. 2016 முதல் நாடு முழுதும் புள்ளி முறை ஒன்று இருக்கிறது. போதையில் இருப்பவருக்கு ஊற்றினால் 4 புள்ளி. வயது குறைந்தவருக்கு ஊற்றினால் 8 புள்ளி. இரண்டு ஆண்டுக்குள் 12 புள்ளி சேர்ந்தால் உரிமம் ஒரு வாரத்துக்குப் பறிபோகும். சில மணி நேரத்துக்கு மட்டும் விலையைக் குறைத்துக் கூட்டம் சேர்க்கும் சலுகைக்கும் தடை. அதிகாலை 3 மணிக்கு மேல் எந்த ஊரிலும் ஊற்றக் கூடாது. இவ்வளவு காவல் உள்ள இடத்தின் விலை எட்டாத உயரத்துக்குப் போனதும், குடி எந்தக் காவலும் இல்லாத வீட்டுக் கூடத்துக்குப் போய்விட்டது. அங்கே "இனி போதும்" என்று சொல்லச் சட்டப்படி கடமைப்பட்டவர் யாரும் இல்லை.

விலைக்கு இன்னொரு கசிவு, எல்லை. ஆஸ்லோவிலிருந்து தெற்கே ஒன்றரை மணி நேரம் காரில் போனால் ஸ்வினெசுண்ட் பாலம். அதைத் தாண்டினால் ஸ்வீடன். பீர், இறைச்சி, மிட்டாய், புகையிலை என்று எல்லாம் மலிவு. 2019-இல் நார்வேக்காரர்கள் ஒரே நாளில் போய்த் திரும்பும் பயணங்களில் அயல்நாட்டில் செலவழித்த தொகை ஏறத்தாழ 1,600 கோடி குரோனர். 2020-இல் கொரோனாவால் எல்லை அடைபட்டது. அந்த ஆண்டு நார்வே அரசின் மதுக்கடை நிறுவனமான வின்மொனோபோலெட்டின் விற்பனை ஏறத்தாழ 40 விழுக்காடு கூடியது. எல்லைக்கு அப்பாலும் விமான நிலையத்திலும் பப்பிலும் நடந்துகொண்டிருந்த குடியில் ஒரு பகுதி உள்நாட்டுக் கணக்கில் வந்து விழுந்தது. அதற்கு முன் எவ்வளவு கசிந்துகொண்டிருந்தது என்பதை அந்த ஒரே ஆண்டு காட்டிவிட்டது.

இத்தனை கசிவையும் மீறி, நார்வேயில் வளர்ந்தவர் ஒருவரின் ஆண்டு நுகர்வு தூய ஆல்கஹால் கணக்கில் 6, 7 லிட்டர் அளவிலேயே நிற்கிறது. ஐரோப்பாவில் இது குறைந்த அளவு. இதற்கு விலையும் காரணம் என்பதை மறுக்க வேண்டியதில்லை. விலை ஏறினால் குடி குறையும் என்பதற்குப் பல நாட்டு ஆய்வுகளில் சான்று உண்டு. ஆனால் உலக சுகாதார நிறுவனம் முன்வைக்கும் முதன்மையான வழிகள் மூன்று: வரி, விளம்பரத் தடை, எளிதில் கிடைக்காதபடி செய்தல். நார்வே மூன்றையும் ஒன்றாகப் பிடித்தது. மது விளம்பரத்தை 1975-இல் முழுமையாகத் தடை செய்தது. 4.7 விழுக்காட்டுக்கு மேற்பட்ட எதையும் வாங்க வின்மொனோபோலெட்டுக்குத்தான் போக வேண்டும். ஞாயிறன்று அது திறக்காது. மளிகைக் கடையில் பீர் வார நாளில் இரவு 8 மணியோடும் சனிக்கிழமை மாலை 6 மணியோடும் நின்றுவிடும். குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதற்கு இரத்த அளவு எல்லையை 1936-இலேயே சட்டமாக்கிய நாடு அது. 2001-இல் அதை 0.02 விழுக்காடாகக் குறைத்தது. பிடிபட்டால் அபராதம் மாதச் சம்பளத்தைக் கணக்கிட்டுப் போடப்படும்; பணக்காரரும் தப்ப முடியாது.

சட்டப்படியான மது கைக்கு எட்டாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு நார்வேயின் சொந்த வரலாற்றிலேயே இரண்டு சாட்சிகள் உண்டு.

முதலாவது, மதுவிலக்கு. 1919 வாக்கெடுப்பில் ஏறத்தாழ 62 விழுக்காட்டினர் சாராய வகைகளுக்குத் தடை கேட்டார்கள். தடை வந்தது. கடத்தலும் வீட்டுச் சாராயமும் மருத்துவர் சீட்டு எழுதி விற்கும் தொழிலும் கூடவே வந்தன. நார்வேயின் மீனை வாங்கிக்கொண்டிருந்த ஸ்பெயினும் போர்த்துக்கலும் எங்கள் ஒயினை வாங்காவிட்டால் உங்கள் மீனும் வேண்டாம் என்று நெருக்கின. அந்த நெருக்கடியில் 1922-இல் பிறந்ததுதான் வின்மொனோபோலெட். 1926-இல் மக்களே மறுபடி வாக்களித்துத் தடையை நீக்கச் சொன்னார்கள். மறுஆண்டு தடை போனது.

இரண்டாவது சாட்சி இன்னும் அண்மையானது. 2002 முதல் 2004 வரை நார்வேயில் மெத்தனால் கலந்த கடத்தல் சாராயம் பரவியது. 50-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். 17 பேர் இறந்தனர். உலகின் பணக்கார நாடுகளில் ஒன்றில், எல்லோருக்கும் மருத்துவம் கிடைக்கும் நாட்டில் இது நடந்தது. சட்டப்படியான பாட்டிலின் விலைக்கும் மறைவில் விற்கும் பாட்டிலின் விலைக்கும் இடையில் பெரிய பள்ளம் இருந்தால் அதை இட்டு நிரப்ப யாராவது வந்தே தீருவார்கள். அந்த அனுபவத்திலிருந்து ஆஸ்லோ மருத்துவர்கள் மெத்தனால் நச்சு சிகிச்சையில் உலகுக்கே வழிகாட்டும் நிலைக்கு வந்தார்கள். அந்த அறிவுக்கான விலை 17 உயிர்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசின் மதுக்கடை நிறுவனமான டாஸ்மாக்கில் விலை ஏறியபின் சாதாரணக் குவார்ட்டர் ஏறத்தாழ 140 ரூபாய் ஆனது. அதே ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் சுமார் 60 ரூபாய்க்கு விற்றது. அதில் மெத்தனால் இருந்தது. 65-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் 20-க்கும் மேற்பட்டோர் இறந்திருந்தனர். இறந்தவர்களில் பெரும்பாலோர் கூலி வேலை செய்தவர்கள். 80 ரூபாய் வித்தியாசம் அவர்களுக்கு ஒரு வேளைச் சோறு.

நார்வேக்கும் நமக்கும் இன்னொரு பெரிய வேறுபாடு பணப்பெட்டியில் இருக்கிறது. நார்வே அரசின் மொத்த வருவாயில் மது வரி மிகச் சிறிய துளி. அதனால் விற்பனை குறைந்தால் அங்கே யாருக்கும் பதற்றம் இல்லை. டாஸ்மாக் சில்லறை விற்பனையை முழுதாகக் கையில் எடுத்த 2003-04-இல் அரசுக்குக் கிடைத்தது சுமார் 3,600 கோடி ரூபாய். 2023-24-இல் அது 45,800 கோடியைத் தாண்டியது. தமிழ்நாட்டின் சொந்த வரி வருவாயில் இது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. இந்த நிலையில் இருக்கும் அரசு விலையை ஏற்றும்போது குடி குறைய வேண்டும் என்றும் நினைக்கலாம், வருவாய் கூட வேண்டும் என்றும் நினைக்கலாம். இரண்டும் எப்போதும் ஒன்றாக நடப்பதில்லை. எது நடக்க வேண்டும் என்று அரசு விரும்புகிறது என்பதை விலைப்பட்டியல் சொல்லாது. கடைகளின் எண்ணிக்கை, திறக்கும் நேரம், பக்கத்திலேயே இயங்கும் பார், போதை மறுவாழ்வுக்கு ஒதுக்கும் தொகை ஆகியவைதான் சொல்லும்.

விலையேற்ற அறிவிப்பு வரும்போதெல்லாம் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. கூடுதலாக வரும் பணத்தில் எத்தனை மாவட்ட மருத்துவமனைகளில் மெத்தனாலுக்கான மாற்று மருந்தும் டயாலிசிஸ் வசதியும் வைக்கப்படும்? கள்ளச்சாராயம் விற்கும் கிராமங்களில் கண்காணிப்பு எவ்வளவு கூடும்? கடை திறக்கும் நேரம் குறையுமா? குடியை விட விரும்புகிறவர் கட்டணமின்றிச் சேர எத்தனை படுக்கைகள் வரும்? இந்த நான்குக்கும் பதில் இல்லாத விலையேற்றம் வரி வசூல் மட்டுமே. அதை மதுக்கொள்கை என்று ஏற்றுக்கொள்ளக் கூடாது.

குடும்பங்கள் தெரிந்திருக்க வேண்டியதும் ஒன்று உண்டு. மெத்தனால் உடனே தாக்குவதில்லை. குடித்துப் பல மணி நேரம் கழித்து, சில சமயம் ஒரு நாள் கழித்துத்தான் கண் மங்கும், வயிறு வலிக்கும், மூச்சு வாங்கும். போதை தெளிந்துவிடும் என்று காத்திருந்தவர்கள் பலர் இறந்திருக்கிறார்கள். பார்வை மங்குகிறது என்று ஒருவர் சொன்ன உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். என்ன குடித்தார், எங்கே வாங்கினார் என்பதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அவரோடு சேர்ந்து குடித்தவர்களுக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும் அவர்களையும் அப்போதே அழைத்துப் போக வேண்டும்.

ஆஸ்லோவின் 110 குரோனர் பீர் நமக்கு முன்மாதிரி ஆகலாம். ஆனால் அதன் பின்னால் இருக்கும் நல்ல கூலி, கடும் உரிமம், விளம்பரத் தடை, குறைந்த கடை நேரம், விற்பனையை நம்பி வாழாத அரசு ஆகிய எல்லாவற்றையும் சேர்த்து எடுத்தால்தான் ஆகும். அவை அத்தனையும் இருந்தும் அங்கே 17 பேர் இறந்தார்கள். அவை எதுவும் இல்லாமல் விலையை மட்டும் ஏற்றினால் அடுத்த கள்ளக்குறிச்சி எந்த ஊர் என்பது மட்டுமே தெரியாமல் இருக்கும்.