ஒன்பதா, பத்தா? மரபணுச் சோதனையில் ஓர் எழுத்தின் எடை

பிள்ளையின் தந்தை யார் என்ற வழக்குகளில் மரபணுச் சோதனை முடிவே கடைசி வார்த்தை என்று பலரும் நம்புகின்றனர். ஆனால், அந்த முடிவுத்தாளில் 9.3 என்ற எண்ணைக் கண்டதும் குழப்பம் எழுகிறது. எண்ணிக்கையில் புள்ளி எப்படி வந்தது?

சோதனைக்கூடம் டிஎன்ஏ முழுவதையும் படிப்பதில்லை. ஒரு சிறு எழுத்து வரிசை அடுத்தடுத்துத் திரும்ப வரும் சில இடங்களை மட்டும் எடுத்து, அது எத்தனை முறை வருகிறது என்று எண்ணுகிறது. ஒவ்வோர் இடத்திலும் பிள்ளைக்குத் தந்தையிடமிருந்து ஓர் எண்ணும் தாயிடமிருந்து ஓர் எண்ணும் கிடைக்கின்றன.

அத்தகைய இடங்களில் ஒன்று, 11ஆம் குரோமோசோமில் உள்ள ‘டிஎச்01’. அங்கே திரும்ப வருவது நான்கு எழுத்து வரிசை. நடன வகுப்பில் சொல்லும் ‘தகதிமி’யை நினைத்துக்கொள்ளலாம். பத்து முறை சொன்னால் நாற்பது எழுத்து. ஏழாவது முறை மட்டும் முதலெழுத்து விடுபட்டு ‘கதிமி’ என்று வந்தால், முழுமையானவை ஒன்பது, மிச்சம் மூன்றெழுத்து. அதுவே 9.3. புள்ளிக்குப் பின்னுள்ள 3, பத்தில் மூன்று பங்கு அன்று. மூன்று எழுத்து என்றே பொருள். இதன் எழுத்து வரிசை 1993இல் வெளியான ஆய்வில் விளக்கப்பட்டது.

9.3க்கும் 10க்கும் உள்ள வேறுபாடு ஓர் எழுத்து மட்டுமே. தந்தைக்கு 9.3, பிள்ளைக்கும் 9.3 என்றிருக்க, பிள்ளையுடையதை 10 என்று தவறாகப் படித்தால் உண்மையான உறவே பொருந்தாதது போல் தோன்றும். மாறாக, உறவில்லாத ஒருவர் பொருந்துவது போலவும் தோன்றலாம். இதைத் தவிர்க்கவே, நீளம் முன்கூட்டியே தெரிந்த மாதிரிகளைச் சோதனைக்கூடங்கள் அளவுகோலாக உடன் வைத்து ஒப்பிடுகின்றன. ஓர் இடத்தில் மட்டும் பொருந்தாவிட்டால், அதைக்கொண்டே உறவை மறுப்பதும் இல்லை. இயற்கையான மாற்றமும் அதற்குக் காரணமாகலாம்.

ஐரோப்பிய வம்சாவளியினரிடம் 9.3 மிகச் சாதாரணம், சீனரிடம் குறைவு. ஆகவே, ஒரே பொருத்தத்துக்கு எல்லாச் சமூகத்திலும் ஒரே எடை கிடையாது.

முடிவுத்தாளைக் கையில் பெறுவோர் இரண்டு கேள்விகளைத் தயங்காமல் கேட்கலாம். எத்தனை இடங்கள் ஒப்பிடப்பட்டன? எந்தச் சமூகத்தின் புள்ளிவிவரத்தைக் கொண்டு கணக்கிடப்பட்டது? ஒரு பிள்ளையின் எதிர்காலமே அந்தத் தாளில் அடங்கியிருக்கும்போது, கேட்பதில் தவறில்லை.